நியூரானுக்குள் மரபணு: காந்தமா, கொழுப்பா, மின்துடிப்பா?

ஆய்வகத்தில் வளரும் செல்லுக்குள் மரபணுவைச் செலுத்த மூன்று வழிகளை ஒப்பிடுகிறேன்: கொழுப்பில் பொதிவது லிபோஃபெக்‌ஷன், மின்துடிப்பால் சவ்வில் துளையிடுவது எலெக்ட்ரோபொரேஷன், காந்தத்தால் செல்லின் மேல் இறக்குவது மேக்னெட்டோஃபெக்‌ஷன். ஹெக்-293 (ஆய்வகங்களில் பரவலாக வளர்க்கும் மனித சிறுநீரகச் செல்வகை) போல எதையும் தாங்கும் செல்களுக்கு லிபோஃபெக்‌ஷனே போதும். காந்தத் தட்டு வாங்குவது வீண்செலவு. தட்டில் ஒட்டிக் கிளைவிட்ட நியூரான்கள் என்று வரும்போதுதான் போட்டி. அங்கே என் ஓட்டு மேக்னெட்டோஃபெக்‌ஷனுக்கு.

எலெக்ட்ரோபொரேஷன் வலுவான முறைதான். ஆனால் வழக்கமான கருவிக்குச் செல்கள் திரவத்தில் மிதக்க வேண்டும். பிரித்தெடுத்த அன்றே செய்வதென்றால் அதையே எடுக்கலாம். பத்து நாள் வளர்ந்து வலைபின்னியவற்றைப் பெயர்த்தால் கிளைகள் அறுந்துபோகும். லிபோஃபெக்‌ஷனில் பெயர்க்க வேண்டாம். ஆனால் கொழுப்புக் கலவை தானாக வந்து படியும்வரை 4 முதல் 6 மணி நேரம் விட வேண்டும். அதற்குள் அதன் நச்சு பல நியூரான்களைத் தீர்த்துவிடும்.

காந்தம் மிச்சப்படுத்துவது இந்த நேரத்தைத்தான். நேர்மின் பாலிமர் பூசிய இரும்பு ஆக்சைடு நானோ துகள்களில் டிஎன்ஏ ஒட்டிக்கொள்கிறது; அடியிலுள்ள நியோடிமியம் காந்தம் அதைச் செல்களின் மேல் இறக்குகிறது. இறக்குவதோடு அதன் வேலை முடிந்தது. சவ்வைத் துளைத்து இழுப்பதில்லை. செல்தான் விழுங்க வேண்டும், பிறகு டிஎன்ஏ உட்கருவையும் எட்ட வேண்டும். ஆகவே காந்தத்தில் ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்தால் பலன் கூடும் என்று நம்ப வேண்டாம்.

24 குழித் தட்டில் ஒரு குழிக்கு 0.5 முதல் 1 மைக்ரோகிராம் பிளாஸ்மிட் (மரபணுவைச் சுமக்கும் வட்ட டிஎன்ஏ), சீரம் இல்லாத மீடியம் (வளர்ப்புத் திரவம்) 100 மைக்ரோலிட்டர். துகளைக் கலந்து 15–20 நிமிடம் அறை வெப்பத்தில் விட்டு, சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, இன்குபேட்டருக்குள் காந்தத்தின் மேல் 15–20 நிமிடம். துகள்–டிஎன்ஏ விகிதம் செல்லுக்குச் செல் மாறும். மூன்று விகிதங்களையாவது சோதித்துப் பாருங்கள். நியூரானின் பழைய மீடியத்தைக் கொட்டிவிடாதீர்கள், திரும்ப ஊற்றத் தேவைப்படும்.

கெடுவது பெரும்பாலும் துகள் திரள்வதால். புட்டியை உறையவைத்தாலோ, கலக்காமல் எடுத்தாலோ, கலவையை நெடுநேரம் விட்டாலோ திரளும். மைக்ரோஸ்கோப்பில் பழுப்புக் கட்டிகளாகத் தெரியும். இன்னொன்று இடைவெளி: காந்த விசை தூரத்தோடு சட்டென்று விழும், தட்டின் அடிப்பாகம் காந்தத்தில் படிந்து உட்கார வேண்டும்.

இத்தனை செய்தும் முதிர்ந்த நியூரான்களில் சிறு பங்குதான் மரபணுவை ஏற்கும். தனிச் செல்லைப் படமெடுக்க அது தாராளம். வெஸ்டர்ன் பிளாட்டுக்கு (எல்லாச் செல்களின் புரதத்தையும் சேர்த்துப் பார்க்கும் சோதனை) அது போதாது; மரபணுவைச் சுமந்து செல்லும் வைரஸான லென்டிவைரஸ் பக்கம் போங்கள். மிதக்கும் செல்களுக்கு இந்த முறையை இதே உறுதியோடு சொல்லமாட்டேன். முதலில் அவற்றை அடியில் படியவைக்க வேண்டும். நச்சுத்தன்மையை நிற அளவீட்டில் பார்ப்பவர்கள், துகள் மட்டும் சேர்த்த குழி ஒன்றையும் வையுங்கள். துகளின் பழுப்பே அளவைக் கூட்டிக் காட்டும்.