சேர்வராயன் மலைக்கு எந்த டிரைபாட்? கானுயிருக்கும் ஆள் படத்துக்கும் ஒன்றே போதுமா?

சேலத்தில் பேருந்து ஏறி, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் மடியில் பையோடு கடந்து, சேர்வராயன் மலையில் உள்ள ஏற்காட்டுக்குப் படம் எடுக்கப் போகிறவர்களுக்காக, கேமராவைத் தாங்கும் முக்காலியான டிரைபாட் பற்றி இதை எழுதுகிறேன். கார் டிக்கியில் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு போகிறவர்கள் கனமான ஸ்டுடியோ டிரைபாடே வாங்கிக்கொள்ளலாம், அதை மிஞ்ச ஒன்றுமில்லை. மற்றவர்களுக்குக் காலையில் காபித் தோட்டத்து ஓரம் பறவையும் காட்டெருமையும், பத்து மணிக்கு மேல் சில்வர் ஓக் நிழலில் ஆள் படம். இரண்டுக்கும் சேர்த்து ஒன்றுதான் தூக்க முடியும். விலையும் கையைக் கடிக்கக் கூடாது.

பலரும் முதலில் வாங்குவது இரண்டாயிரம் ரூபாய் சுமாருக்குக் கிடைக்கும் உயரமான டிரைபாட். நீளக் கைப்பிடியால் கேமராவைத் திருப்பும் தலைப்பகுதி (பேன் ஹெட்), மூன்று கால்களையும் நடுவில் இணைக்கும் கம்பிகள். சமதளத்தில், 50 எம்எம் லென்ஸோடு வீட்டுக்குள் ஆள் படம் எடுக்க அது போதும். மலையில் அந்த இணைப்புக் கம்பிகள்தான் வில்லங்கம். மூன்று கால்களும் ஒரே கோணத்தில்தான் விரியும். காபிச் செடிகளுக்கு நடுவே ஒரு கால் மேல் வரப்பிலும் மற்ற இரண்டும் கீழேயும் நிற்க வேண்டிய இடத்தில் கால் நீளத்தை மட்டும் மாற்றிச் சமாளிப்பது பெரும் பாடு. தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும் 70-300 எம்எம் லென்ஸைப் போட்டால் இன்னொரு தொல்லை. பறவையை நடுவில் வைத்து, திருகை இறுக்கி, கையை எடுத்தால் லென்ஸ் முனை மெல்லத் தலை குனிகிறது. பறவை படத்தின் மேல் ஓரத்துக்குப் போய்விடுகிறது.

அடுத்தது, கால்களைத் தலைகீழாக மடக்கும் அலுமினிய டிராவல் டிரைபாட். மான்ஃப்ரோட்டோ பீஃப்ரீ அட்வான்ஸ்டு நல்ல உதாரணம்: மடக்கினால் 40 செ.மீ., எடை 1.49 கிலோ, முழு உயரம் 150 செ.மீ., தாங்கும் சுமை 8 கிலோ. இதே அமைப்பில் இதைவிடக் குறைந்த விலையில் டிஜிடெக், கே அண்ட் எஃப் கான்செப்ட், பென்ரோ எல்லாம் தருகிறார்கள். ஒவ்வொரு காலையும் தனித்தனிக் கோணத்தில் விரிக்கலாம் என்ற ஒன்றுக்காகவே சரிவில் இது ஜெயிக்கிறது. அட்டையில் போட்டிருக்கும் 8 கிலோவைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்த எடையில் டிரைபாட் சரியாது என்பதுதான் அதன் பொருள், படம் கூர்மையாக வரும் என்பதல்ல. சிக்மா 150-600 கன்டெம்பரரி லென்ஸ் மட்டுமே 1.93 கிலோ. உங்கள் லென்ஸும் கேமராவும் சேர்ந்த எடையின் மூன்று மடங்காவது தாங்கும் என்று போட்டிருந்தால் வாங்கலாம். அந்த 150 செ.மீ. உயரமும் நடுவில் உள்ள தண்டை (சென்டர் காலம்) ஏற்றினால்தான் வரும். ஏற்றினால் ஆட்டமும் கூடும். ஆள் படத்துக்கு ஏற்றலாம், நீள லென்ஸுக்கு இறக்கியே வையுங்கள்.

கார்பன் ஃபைபர் எடை குறைவு, அதிர்வும் சீக்கிரம் அடங்கும். நல்ல கார்பனுக்கு ஈடில்லை. ஆனால் நம் பட்ஜெட்டில் அகப்படும் கார்பன் பெரும்பாலும் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் ஐந்து அடுக்குக் கால். கடைசி அடுக்கு பென்சில் தடிமன்தான் இருக்கும். சேர்வராயன் கோயில் உச்சியில் காற்று வீசும்போது அந்தக் கால் நடுங்குகிறது. அதே பணத்துக்கு நான்கு அடுக்கு அலுமினியத்தைத்தான் நான் எடுப்பேன்.

செங்குத்தாக ஆள் படம் எடுக்கும்போது பால் ஹெட்டை (உருண்டையில் எப்பக்கமும் திரும்பும் தலைப்பகுதி) பக்கவாட்டில் சாய்த்தால் மொத்த எடையும் ஒரு பக்கம் போகும். சாயும் பக்கத்துக்கு நேர் கீழே ஒரு கால் இருக்கும்படி திருப்பி வையுங்கள். டிரைபாடில் பூட்டுவதற்கான வளையம் (காலர்) உள்ள லென்ஸ் என்றால் இந்தப் பிரச்சினையே இல்லை, காலரைத் தளர்த்திக் கேமராவைச் சுழற்றினால் போதும். கேமராவின் அடியில் பூட்டும் தகடு (பிளேட்) பல கம்பெனிகளுக்கும் பொதுவான ஆர்கா வகையில் உள்ள ஹெட்டாகப் பார்த்து வாங்குங்கள், நாளைக்கு வேறு ஹெட் மாற்றினாலும் பிளேட் வீணாகாது.

பறக்கும் பறவைக்கு ஒற்றைக் கால் தாங்கியான மோனோபாடே வசதி. ஒரு காலைக் கழற்றி மோனோபாடாக்கும் மாடல்கள் இருக்கின்றன, கிடைத்தால் விடாதீர்கள். காட்டெருமைக்கு, அங்கே வண்டி கிடைத்தால் அதற்குள்ளிருந்தே ஜன்னலில் பீன் பேக் (லென்ஸைச் சாய்த்து வைக்கும் சிறு பை) வைத்து எடுப்பதுதான் பத்திரம். வெறும் பையாகக் கொண்டுபோய் ஏற்காட்டு மளிகைக் கடையில் அரிசி வாங்கி நிரப்பிக்கொள்ளலாம். ஒன்றை மறக்க வேண்டாம்: டிரைபாட் நம் கை நடுக்கத்தைத்தான் நிறுத்தும். மேயும் காட்டெருமையின் தலையசைவை ஷட்டர் வேகம்தான் நிறுத்த வேண்டும், 1/250 வினாடியைவிட மெதுவாகப் போகாதீர்கள்.

கடைக்கு உங்கள் கேமராவையும் இருப்பதிலேயே நீளமான லென்ஸையும் எடுத்துப் போங்கள். கால்களை முழுக்க நீட்டி, லைவ் வியூவில் (கேமராவின் பின் திரையில் நேரடியாகப் பார்ப்பது) பத்து மடங்கு பெரிதாக்கி, லென்ஸ் முனையை விரலால் ஒரு தட்டுத் தட்டுங்கள். திரையில் ஆட்டம் இரண்டு வினாடிக்குள் அடங்கினால் பில் போடச் சொல்லலாம். அதற்கு மேலும் ஆடினால் அடுத்ததைக் காட்டச் சொல்லுங்கள்.