கம்யூனிட்டி காலேஜ்ல ஃபைனான்ஸ் அசோசியேட் டிகிரி படிச்ச அனுபவம்

ஊர்ல பி.காம் ரெண்டாவது வருஷத்தோட நின்னுபோச்சு, கல்யாணமாகி கலிஃபோர்னியா வந்து சின்னவன் ஸ்கூலுக்குப் போக ஆரம்பிச்சப்புறம்தான் மறுபடியும் படிக்கலாம்னு தைரியம் வந்துச்சு. வீட்டுக்குப் பக்கத்துல இருந்த கம்யூனிட்டி காலேஜ்லயே, ரெண்டு வருஷ படிப்பான அசோசியேட் டிகிரிக்குச் சேர்ந்தேன்.

முதல்ல காசு. இந்த ஸ்டேட்ல ரெசிடென்டா இருந்தா யூனிட்டுக்கு (ஒவ்வொரு கோர்ஸுக்கும் இத்தனைன்னு கணக்கு வெக்கற கிரெடிட்) 46 டாலர்தான், டிகிரிக்கு 60 யூனிட், கூட்டிப் பாத்தா மொத்தமே 2,760 டாலர். அதுக்கு மேல புக்கு, ஹோம்வொர்க் போட ஆக்சஸ் கோடுன்னு தனியா போகும். சில வாத்தியார்ங்க ஓப்பன்ஸ்டாக்ஸ் புக்கையே வெச்சிடுவாங்க, அது ஃப்ரீ, அப்படிப்பட்ட செக்‌ஷனா தேடிப் பிடிங்க.

படிப்பு நெஜமாவே நல்லா இருந்துச்சு. ஃபைனான்ஷியல் அக்கவுன்டிங், மேனேஜீரியல் அக்கவுன்டிங், மைக்ரோ, மேக்ரோ எகனாமிக்ஸ், ஸ்டாட்ஸ், பிசினஸ் லா எல்லாம் உண்டு. ஃபைனான்ஸ் கிளாஸ் சாயங்காலம், பாதிப் பேரு வேலையை முடிச்சிட்டு யூனிஃபார்மோடயே வந்து உக்காருவாங்க. முதல் வாரம் பிஏ டூ ப்ளஸ் கால்குலேட்டர்ல ஒரு கணக்கு, இன்னிக்கு 10,000 போட்டா பத்து வருஷத்துல 20,000 ஆகணும், வட்டி எவ்வளவுன்னு. நான் தட்டுனா எரர் 5, திரும்பத் தட்டுனாலும் அதேதான். மேடம் பக்கத்துல வந்து, "உன் கையை விட்டுப் போற காசும்மா, மைனஸ் போடு"ன்ற மாதிரி இங்கிலீஷ்ல சொன்னாங்க, போட்டேன், 7.18ன்னு வந்துச்சு. ஈஎம்ஐ, வீட்டு லோன் எல்லாமே அதுக்கப்புறம்தான் எனக்குப் பிடிபட்டுச்சு.

ஆனா ஒரு விஷயத்துல ரொம்ப அடி வாங்குனேன். டிகிரி பேர்ல ஃபைனான்ஸ்னு இருந்ததைப் பாத்து, நேரா வேலைக்குப் போறவங்களுக்கான ட்ராக்ல சேந்துட்டேன், கவுன்சிலரும் எதுவும் சொல்லல. யுனிவர்சிட்டிக்கு மாறலாம்னு பாத்தா நாலு கோர்ஸ் மேஜர்ல சேரவே இல்ல, ஏன்னா மெயின் ஃபைனான்ஸ் பேப்பர் அங்க மூணாவது வருஷத்துலதான் வரும், நாம இங்க படிச்சது அதுக்கு ஈடா எடுத்துக்க மாட்டாங்க. ஒரு செமஸ்டர் போச்சு. அன்னிக்கு கார் பார்க்கிங்லயே உக்காந்து அழுதேன்.

அதனால கால் ஸ்டேட்டுக்கு (கலிஃபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டிக்கு) போற ஐடியா இருந்தா பிசினஸ் அட்மினிஸ்ட்ரேஷன்ல யுனிவர்சிட்டிக்கு ட்ரான்ஸ்ஃபர் ஆகறதுக்குன்னே இருக்கற ஏஎஸ்-டிங்கற அசோசியேட் டிகிரியை எடுங்க, அது முடிச்சா கால் ஸ்டேட்ல ஏதாவது ஒரு கேம்பஸ்ல சீட் உறுதி, நாம கேட்ட கேம்பஸ்தான்னு மட்டும் சொல்ல முடியாது. ஃபைனான்ஸை அங்க போய் ஸ்பெஷலைஸ் பண்ணிக்கலாம். எந்த கோர்ஸ் எங்க செல்லும்னு அசிஸ்ட் டாட் ஆர்க்ல காலேஜ் வாரியா போட்டிருக்கு, ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடி அதைப் பாருங்க. கால்குலேட்டரும் உடனே வாங்கிடாதீங்க, எங்க லைப்ரரியில செமஸ்டர் முழுக்க இரவல் குடுத்தாங்க, முதல் வாரமே போனாத்தான் கிடைக்கும்.