பழைய மேட்ச் ஏர் ரைபிள் (போட்டிக்கான காற்றுத் துப்பாக்கி) வாங்கப் போகிறீர்களா? என் 14 மாதச் சேமிப்பு போன கதையைப் படித்துவிட்டுப் போங்கள்

இன்று காலை அந்த ஆள் மறுபடியும் விளம்பரம் போட்டிருக்கிறார். அதே மேஜை, அதே பச்சைத் துணி விரிப்பு, அதே "ஒரே கை உபயோகம், பிள்ளை மாதிரி வைத்திருந்தது". ரைபிள் மட்டும் வேறு. என் தலையில் ஒன்றைக் கட்டிவிட்டு மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஆத்திரத்தில் எழுதுகிறேன், முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விவரமாகச் சொல்கிறேன்.

எவ்வளவு போச்சு என்று கேட்பீர்கள். தொகையை எழுதினால் என் வீட்டிலும் படிப்பார்கள். அங்கே பாதித் தொகைதான் சொல்லி வைத்திருக்கிறேன். அதனால் மாதக் கணக்கில் சொல்கிறேன்: 14 மாதம். சம்பளம் வந்த அன்றைக்கே தனியாக எடுத்து வைத்து, அவசரத்துக்குக்கூடத் தொடாமல் வைத்திருந்த 14 மாதச் சேமிப்பு.

நான் போட்டிக்காரன் இல்லை. வார இறுதியில் கிளப்புக்குப் போய் 10 மீட்டரில் 40, 60 பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) சுட்டுவிட்டு வருகிறவன். மூன்று வருடமாகக் கிளப்பின் பொது ரைபிள்தான். எனக்கு முன்னால் சுட்டவர் ஆறடி ஆளாக இருந்தால், தோளில் அணையும் பின்தட்டையும் கன்னம் சாயும் கன்னக்கட்டையையும் என் அளவுக்குக் கொண்டுவரவே கால் மணி நேரம் போய்விடும். பழகியவர்களுக்குத் தெரியும், கன்னம் ஒரு நூல் மாறி அமர்ந்தாலும் குறி மாறிவிடும். இலக்கு அட்டையில் கறுப்பு வட்டம் மொத்தமே 30.5 மி.மீ. அதன் நடுவில் பத்து மதிப்பெண் தரும் இடம் வெறும் அரை மி.மீ. புள்ளி. நாம் சுடும் பெல்லட்டே 4.5 மி.மீ. அகலம். சொந்த ரைபிள் வேண்டும் என்ற ஆசை எனக்கு வந்தது இதனால்தான்.

புதியது வாங்க வசதியில்லை. பழைய பொருட்களை வாங்கவும் விற்கவும் எல்லோரும் வைத்திருக்கும் செயலி ஒன்றில் தேடினேன். பெயர் வேண்டாம். விளையாட்டுக் கருவிகள் பகுதியில் இந்த விளம்பரம் இருந்தது. பெரிய கம்பெனியின் மேட்ச் ரைபிள், அலுமினிய ஸ்டாக் (பின்கட்டை), டயாப்டர் சைட் (சிறு துளை வழியே குறிபார்க்கும் கருவி), பெட்டி, கூடவே தொழிற்சாலைச் சோதனை அட்டை.

போன் செய்தேன். மனுஷன் பேச்சிலேயே பாதி விழுந்துவிட்டேன். "தம்பி, நீங்க எவ்வளவு நாளா சுடுறீங்க? எந்த பெல்லட் போடுறீங்க? தலை அளவு 4.49-ஆ, 4.50-ஆ?" என்று கேட்டார். விற்க வந்தவர் விலையைப் பற்றிப் பேசாமல் பெல்லட்டைப் பற்றிப் பேசினால் யாருக்குத்தான் நம்பிக்கை வராது? தான் முன்பு பயிற்சி கொடுத்தவர் என்றும், தோள்பட்டை வலியால் விட்டுவிட்டதாகவும் சொன்னார். "பணம் அவசரமில்லை. முதல்ல வந்து கையில எடுத்துப் பாருங்க. பிடிக்கலைன்னா டீ குடிச்சுட்டுக் கிளம்புங்க" என்றார். இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் நான் 14 மாதத்தைக் கொடுத்திருக்கிறேன் என்று இப்போது தோன்றுகிறது.

போனேன். வீட்டின் பின்பக்கம் நீளமான கொட்டகை, அந்தக் கோடியில் பெல்லட் பிடிக்கும் பெட்டி. ரைபிள் ஏற்கெனவே துணியின் மேல் தயாராக இருந்தது. காற்றழுத்தம் காட்டும் கேஜில் முள் சரியாக 200 பாரில் நின்றது. "இப்பதான் ஏத்தினேன்" என்றார். அவரே எடுத்து, நின்றபடி, டக் டக்கென்று ஐந்து பெல்லட் சுட்டார். அட்டையைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தார். ஐந்தும் ஒரே ஓட்டை. ஓரம் மட்டும் கொஞ்சம் பூ மாதிரி பிரிந்திருந்தது. அந்த ஓட்டையை நான் விரலால் தடவிப் பார்த்தேன். அவ்வளவுதான், முடிந்தது என் கதை.

பெட்டிக்குள் இருந்த சோதனை அட்டையையும் காட்டினார். அதிலும் ஒரே ஓட்டை. தொழிற்சாலையில் அந்தந்தத் துப்பாக்கியைச் சுட்டுப் பார்த்து, அதன் எண்ணை எழுதி உள்ளே வைப்பார்களே, அந்த அட்டை. நான் ஓட்டையைப் பார்த்தேன், எண்ணைப் பார்க்கவில்லை.

காற்றை அடைத்து வைக்கும் சிலிண்டரில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஏதோ கிளப் சின்னம், நல்ல பளபளப்பு. "நான் சுட்ட கிளப், ஞாபகத்துக்கு ஒட்டினது" என்றார். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

அப்புறம் பணம். "செயலி வழியாப் போட்டா அவன் கமிஷன் எடுப்பான் தம்பி. அந்தக் காசை உங்களுக்கே குறைச்சுத் தர்றேன், நேரா அனுப்பிடுங்க." குறைத்தது ஒரு டின் பெல்லட் விலைகூட இருக்காது. நான் அங்கேயே நின்று மொத்தத்தையும் அனுப்பினேன். அனுப்பிய பிறகு நன்றி வேறு சொன்னேன். அதை நினைத்தால்தான் இரவில் தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

வீட்டுக்கு வந்து கட்டில்மேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரவு பத்து மணிக்கு முள் 180-க்கு வந்திருந்தது. சூடு குறைந்தால் அழுத்தமும் கொஞ்சம் இறங்கும், அது இயல்புதான் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். காலையில் 110. சாயங்காலம் முள் படுத்துவிட்டது. ஒரு பெல்லட்கூட சுடவில்லை.

அடுத்த வாரம் கிளப்புக்குக் கொண்டுபோனேன். அங்கே ரைபிள்களைப் பழுது பார்க்கும் அண்ணன் பெட்டியைத் திறந்தார், ரைபிளைத் தொடக்கூட இல்லை. சிலிண்டரைப் பார்த்ததும், "இந்த ஸ்டிக்கரை எதுக்குடா இங்க ஒட்டியிருக்கான்?" என்றார். நகத்தால் ஓரத்தைக் கிளப்பி மெதுவாக உரித்தார். கீழே தயாரிப்புத் தேதி குத்தியிருந்த இடம். மாதத்தை அரத்தால் ராவியிருந்தார்கள். வருடத்தையும் ராவப் பார்த்திருக்கிறார்கள், ஆனால் எண் ஆழமாக இறங்கியிருந்ததால் முழுசாகப் போகவில்லை. சாய்த்து விளக்கில் காட்டினால் தெளிவாகத் தெரிந்தது: 2008.

புரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கார் டயரில் இருப்பது இரண்டு சொச்சம் பார். இந்தச் சிலிண்டரில் ஏற்றுவது 200 பார். குழலுக்கு அடியில் இருக்கிறது, முகத்துக்கு ஒரு முழம் தள்ளி. சர்வதேசப் போட்டி விதியில் சிலிண்டரின் ஆயுள் அதிகபட்சம் 10 வருடம், அது தாண்டவில்லை என்று பார்த்துக்கொள்வது சுடுகிறவரின் பொறுப்பு. என்னுடையது எப்போதோ தாண்டியது, அதுவும் அரம் போட்டுச் சுரண்டியது. அதைத்தான் நான் ஒரு இரவு முழுக்கக் கட்டிலில் பக்கத்தில் வைத்துப் படுத்திருக்கிறேன்.

அண்ணன் அந்தச் சிலிண்டரில் காற்று ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டார். நியாயம்தான். கிளப்பில் இருந்த பொருந்தக்கூடிய நல்ல சிலிண்டர் ஒன்றை மாட்டி, வேகம் அளக்கும் கருவியின் மேல் சுட்டுக் காட்டினார். அடுத்தடுத்து உடனே சுட்டால் நொடிக்கு 171, 170, 172 மீட்டர். மேட்ச் ரைபிளுக்குச் சரியான வேகம். இரண்டு நிமிடம் சும்மா வைத்துவிட்டுச் சுட்டார்: 146. மறுபடி இரண்டு நிமிடம்: 149. ஒவ்வொரு சூட்டுக்கும் காற்றழுத்தத்தை ஒரே அளவாக வைக்கும் ரெகுலேட்டர் போய்விட்டது. சும்மா இருக்கும் நேரத்தில் உள்ளே காற்று கசிந்து அழுத்தம் ஏறுகிறது, வால்வு சரியாகத் திறப்பதில்லை. இந்த வேக வித்தியாசத்தில் 10 மீட்டரில் பெல்லட் சுமார் 6 மி.மீ. கீழே போகும். பத்துக்குக் குறிவைத்தது எட்டில் விழும்.

கொட்டகையில் ஐந்தையும் மூச்சு விடாமல் ஏன் சுட்டார் என்று அப்போதுதான் உறைத்தது. 60 பெல்லட்டுக்கு 75 நிமிடம் கொடுக்கும் விளையாட்டில் யாராவது அப்படிச் சுடுவார்களா? எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கைப்பழக்கம் என்று நினைத்து வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

சோதனை அட்டையையும் அண்ணன்தான் பார்த்தார். அட்டையில் இருக்கும் எண் வேறு, ரைபிளில் இருக்கும் எண் வேறு. கடைசி மூன்று இலக்கம் ஒத்துவரவில்லை. அப்படியானால் அந்த அட்டை எந்த ரைபிளுடையது? அதைவிட, என் கையில் இருப்பது யாருடைய ரைபிள்? அதை நினைத்ததும் வயிற்றைப் பிசைந்தது.

இனி அவர் பதில் சொன்ன அழகைக் கேளுங்கள். முதல் நாள்: "கேஜ் அப்படித்தான் தப்பாக் காட்டும் தம்பி." இரண்டாம் நாள்: "நீங்க எதையாவது கழட்டினீங்களா? கழட்டியிருந்தா நான் பொறுப்பில்லை." ஸ்டிக்கருக்குக் கீழே இருந்ததைப் படம் எடுத்து அனுப்பினேன். நாலு நாள் பதிலே இல்லை. பிறகு, "வெளியூர்ல இருக்கேன், வந்து பேசுறேன்." வந்து பேசியது இதுதான்: "நான் வித்தது பழைய பொருள். பழைய பொருள்னா பழசாத்தான் இருக்கும். நீங்க பார்த்துத்தானே வாங்கினீங்க?" சத்தம்கூடப் போடவில்லை. அதே இதமான குரல், அதே தம்பி. மறுநாள் அவருடைய படம் காணாமல் போனது, என் செய்திகளுக்கு ஒற்றை டிக் மட்டும். நேரில் போனேன். கொட்டகை பூட்டியிருந்தது. அதை அவர் வாடகைக்கு எடுத்திருந்தாராம், காலி செய்துவிட்டாராம்.

செயலிக்காரர்கள் இன்னும் ஒரு படி மேல். முதலில் ஒரு இயந்திரம் பேசியது. பொருள் வரவில்லையா, மாறி வந்ததா, உடைந்து வந்ததா என்று மூன்றே பொத்தான். ஏமாற்றப்பட்டேன் என்பதற்குப் பொத்தான் இல்லை. இரண்டு நாள் கழித்து ஒரு ஆள் எழுதினார்: பணம் எங்கள் வழியாக வரவில்லை, எனவே இது இருவருக்கும் இடையிலான விஷயம். நான் விடாமல் எழுதினேன். அதற்கு வந்தது பாருங்கள், இவ்வகைப் பொருளை எங்கள் தளத்தில் விற்க அனுமதியில்லை, உங்கள் புகாரை ஏற்று விளம்பரத்தை நீக்கிவிட்டோம், நன்றி. விளம்பரத்தோடு அதில் நாங்கள் பேசிய உரையாடலும் போச்சு. என்னிடம் இருந்த ஒரே சாட்சியை என் புகாரைக் காட்டியே அழித்துவிட்டு, "எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம்?" என்று கேட்கிறார்கள். 14 மாதச் சேமிப்பு ஐயா! எத்தனை நட்சத்திரம் வேண்டும் உங்களுக்கு?

காவல் நிலையத்துக்கும் போனேன். காற்றுத் துப்பாக்கி, காற்றுத் துப்பாக்கி என்று நான் சொல்லச் சொல்ல, அவர் காதில் துப்பாக்கி மட்டும்தான் விழுந்தது. ஏமாற்றியவரைப் பற்றி ஒரு கேள்வி, என்னைப் பற்றிப் பதினைந்து கேள்வி. எண் பொருந்தாத விஷயத்தையும் நானே எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அதைத் தட்டிக் கழித்திருந்தால் பின்னால் என் தலையில்தான் விடியும் என்று அண்ணன் சொன்னார். அவர் சொன்னது சரி.

ரைபிளுக்குப் புதுச் சிலிண்டர் வாங்கிப் போடலாமே என்று சிலர் கேட்டார்கள். சிலிண்டர், ரெகுலேட்டர், சீல்கள், வேலைக்கூலி எல்லாம் சேர்த்தால் இன்னும் ஐந்தாறு மாதம் சேர்க்க வேண்டும். அதுவும் யாருடையது என்றே தெரியாத ரைபிளுக்கு.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன். உண்மையில் அந்தப் பொறுமை இப்போது இல்லை. வாயில் வருவதைச் சொல்கிறேன். சிலிண்டர் தேதியை உங்கள் கண்ணால் படியுங்கள், ஸ்டிக்கர் இருந்தால் உரிக்கச் சொல்லுங்கள், முகம் சுளித்தால் கிளம்பிவிடுங்கள். அவர் சுட வேண்டாம், நீங்கள் சுடுங்கள், இரண்டு நிமிடம் விட்டு விட்டுச் சுடுங்கள். முதல் நாள் காற்று ஏற்றி வைக்கச் சொல்லி, மறுநாள் போய் முள்ளைப் பாருங்கள். ரைபிள் எண்ணையும் அட்டை எண்ணையும் ஒப்பிடுங்கள். உங்கள் ஊரில் இதை வாங்கவும் விற்கவும் என்ன விதி என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பணத்தை நேராக அனுப்பாதீர்கள். விளம்பரத்தையும் பேச்சையும் படம் பிடித்து வையுங்கள், புகார் கொடுப்பதற்கு முன்னாலேயே. சிலிண்டரில் கசிவு இருக்கிறது என்று வீட்டில் இருக்கும் எண்ணெய், கிரீஸ் எதையும் அதில் போட்டுவிடாதீர்கள், அழுத்தக் காற்றோடு சேர்ந்தால் அது தீப்பிடிக்கக்கூடும். ஆத்திரத்தில் நானே தையல் மெஷின் எண்ணெயைக் கையில் எடுத்துவிட்டேன், நல்ல வேளை வைத்துவிட்டேன்.

இன்றைய விளம்பரத்தைப் படம் பிடித்துவிட்டேன். பச்சைத் துணி, சோதனை அட்டை, சிலிண்டர்மேல் பளபளவென்று ஒரு ஸ்டிக்கர். இந்த முறை வேறு கிளப் சின்னம். நீங்கள் யாராவது ஏற்கெனவே அவரிடம் பேசிக்கொண்டிருந்தால், டீ குடிக்கக்கூடப் போகாதீர்கள்.