சிலை வார்க்க எந்த ரெசின்? விலைக்கு முன் வார்ப்பின் தடிமனைப் பாருங்கள்

அச்சில் ஊற்றினால் இறுகிச் சிலையாகும் பிசின் திரவம்தான் ரெசின். அதை வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது கிலோ என்ன விலை என்றுதான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஓர் அடி உயரத் தலைச் சிற்பம் ஒன்றை உள்ளீடு இல்லாமல் வார்க்க மனம் வரவில்லை. சுவாமிமலை ஸ்தபதிகள் கன வார்ப்பாக எடுக்கும் வெண்கலத் திருமேனிகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் பொள்ளலான சிலை மட்டமாகத் தெரியும். ஆகவே 6 கிலோ பாலியெஸ்டர் ரெசினைக் கலந்து ஒரே ஊற்றாக ஊற்றிவிட்டேன். சித்திரை மாதம், தகரக் கூரை, பிற்பகல் நேரம். கால் மணி நேரத்தில் அச்சின் வாயிலிருந்து வெண்புகை எழுந்தது. சிலிக்கோன் அச்சைத் தொட முடியவில்லை. பிறகு ‘பட்’ என்று ஒரு சத்தம். மறுநாள் அச்சைப் பிரித்தேன். காதுக்குப் பின்னாலிருந்து தாடை வரை விரிசல் ஓடியிருந்தது, நகம் நுழையும் அகலத்துக்கு.

உருக்கிய வெண்கலம் சூட்டை இழந்து இறுகுகிறது. ரெசினோ சூட்டை உண்டாக்கிக்கொண்டு இறுகுகிறது. மெல்லிய வார்ப்பில் அந்தச் சூடு வெளியேறிவிடும். கனமான வார்ப்பில் நடுவில் தேங்கி, தேங்கிய சூடே வினையை இன்னும் விரட்டும். பாலியெஸ்டர் இறுகும்போது கன அளவில் 5 முதல் 8 சதவீதம் வரை சுருங்கவும் செய்யும். மேல்தோல் கெட்டியான பிறகு உள்ளே இழுவை ஏற்பட்டால், பிளப்பதைத் தவிர அதற்கு வேறு வழி இல்லை.

இதனால் பாலியெஸ்டரை ஒதுக்கிவிட வேண்டாம். ‘மேட்’ எனப்படும் கண்ணாடி இழை விரிப்புடன் 4, 5 மில்லிமீட்டர் தோலாகப் படிய வைத்தால், ஆள் உயரச் சிலையைக்கூட இரண்டு பேர் தூக்கிப் போகலாம். ஊர்வலங்களிலும் கண்காட்சிகளிலும் நாம் பார்க்கும் ‘ஃபைபர் சிலை’ இதுதான். இதன் பெரிய வசதி, ரெசினை இறுகச் செய்யும் கேட்டலிஸ்டின் அளவை நம் தேவைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பது. பொதுவாக 1 முதல் 2 சதவீதம். வெயில் காலத்தில் 1 போதும். ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது. வினையை வேகப்படுத்தும் ஆக்சிலரேட்டரான கோபால்ட்டும் கேட்டலிஸ்டும் நேருக்கு நேர் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, அதன் பிறகே கேட்டலிஸ்டைச் சேர்க்க வேண்டும்.

கனமான பாலியெஸ்டர் வார்ப்பு முடியவே முடியாததும் அல்ல. அமெரிக்கச் சிற்பி டி வெய்ன் வாலன்டைன் 1960களில் ஒரு பிளாஸ்டிக் நிறுவனத்துடன் சேர்ந்து, பெரிய ஊற்றிலும் பிளக்காத ரெசினை உருவாக்கினார். 1975-76இல் அவர் செய்த ‘கிரே காலம்’ என்ற ரெசின் தூண் 12 அடி உயரமும் 1,500 கிலோவுக்கு மேல் எடையும் கொண்டது. கடை டப்பாவில் வருவது அந்த ரெசின் அல்ல.

பாலியெஸ்டரில் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது, அதில் கலந்திருக்கும் ஸ்டைரீன் என்ற ரசாயனத்தின் ஆவி. தெருமுனை வரை வீசும் அந்த நெடி மூக்குக்குச் சீக்கிரம் பழகிவிடும், நுரையீரலுக்குப் பழகாது. ‘நானா’ சிலைகளால் உலகப் புகழ் பெற்ற நிக்கி தெ சான் ஃபால், பாலியெஸ்டர் புகையாலும் தூளாலும் நுரையீரல் கெட்டு நெடுங்காலம் அவதிப்பட்டு 2002இல் இறந்தார். துணி முகமூடியும் மருத்துவமனை முகமூடியும் ஆவியைத் தடுக்காது. கரி வடிகட்டி பொருத்திய முகமூடி வேண்டும். கதவும் ஜன்னலும் திறந்திருக்க வேண்டும்.

எபாக்ஸி இதற்கு நேர் எதிரான குணம் கொண்டது. சுருக்கம் கண்ணுக்குத் தெரியாது, நெடி குறைவு, பெரும்பாலான பொருள்கள் மேல் நன்றாக ஒட்டும். ஆனால் பாலியெஸ்டரைப் போல இரண்டு மடங்குக்கு மேல் விலை. பாலியெஸ்டரில் கைபழகியவர்கள் இங்கே தடுமாறும் இடம் ஒன்று உண்டு. சீக்கிரம் இறுகட்டும் என்று இதன் இரண்டாம் திரவமான ஹார்டனரைக் கூட்டினால், வார்ப்பு கடைசி வரை பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். டப்பாவில் இரண்டுக்கு ஒன்று என்று இருந்தால் அப்படியே அளந்து கலக்க வேண்டும். வெயிலில் நாளடைவில் மஞ்சளாகும். ஆகவே நிறமற்ற வார்ப்பை வெளியில் வைக்க இது வேண்டாம். நெடி இல்லையே என்று வெறும் கையால் தொடாதீர்கள். தோல் ஒவ்வாமை ஒருமுறை பிடித்துவிட்டால், அதன் பிறகு ஒரு துளிகூட ஆகாது.

பாலியூரித்தேன் அவசரக்காரர்களின் ரெசின். பெரும்பாலும் சம அளவில் இரு திரவங்கள், கலந்து ஊற்ற மூன்று நான்கு நிமிடம், அரை மணியில் அச்சைப் பிரித்துவிடலாம். விரல் நுனி, அணிகலன் போன்ற நுணுக்கங்கள் தண்ணீர் போல ஓடிப் பதியும். சிறு உருவங்களை 20, 30 பிரதி எடுக்க இதற்கு இணை இல்லை. ஈரம்தான் இதன் எதிரி. இதிலுள்ள ஐசோசயனேட் தண்ணீரைச் சந்தித்தால் கரியமில வாயு உண்டாகும். வார்ப்பு புளித்த மாவு போலப் பொங்கும். ஐப்பசி மழையில் கலக்கும் குச்சியில் இருந்த ஈரமே என் வார்ப்பு ஒன்றைப் பஞ்சாக்கியது. கடலோர ஊர்க்காரர்கள் சிறு டப்பாவாக வாங்கி, திறந்த சில வாரங்களில் தீர்த்துவிடுவது நல்லது. ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கிளப்பக்கூடியது என்பதால் இதற்கும் முகமூடி கட்டாயம்.

வீட்டுக்குள் வார்ப்பவர்களுக்கும் மாணவர்களுக்கும் நான் தயங்காமல் சொல்வது, ஜிப்சத்தையும் நீரில் கலந்த அக்ரிலிக்கையும் கலக்கும் முறை. 1984இல் பிரிட்டனில் பீட்டர் ஹாக்கின்ஸ் உருவாக்கிய ஜெஸ்மோனைட் இந்த வகைதான். ஆவி இல்லை, வாளியைத் தண்ணீரிலேயே கழுவலாம், சிலிக்கோன் அச்சும் நெடுநாள் உழைக்கும். பாலியெஸ்டர் வார்க்க வார்க்க, அதன் சூடும் ஸ்டைரீனும் அச்சை வறட்டிக் கிழித்துவிடும். அச்சுக்குக் கொடுத்த காசை நினைத்தால் இது சிறிய விஷயம் அல்ல. குறை என்று பார்த்தால், ஒளி ஊடுருவாது. மெல்லிய கைகால்கள் முறியும். தண்ணீர் தேங்கும் இடத்தில் நாளடைவில் நெகிழும்.

அந்தத் தலையைப் பிறகு மறுபடி வார்த்தேன், அதே பாலியெஸ்டரில். முதல் பூச்சில் வெண்கலத் தூள் கலந்து அச்சின் உட்புறம் தடவி, அது பசையாக இறுகியதும் இரண்டு அடுக்கு மேட் வைத்தேன். ஒவ்வோர் அடுக்கும் ஆறிய பிறகே அடுத்தது. பிரித்தெடுத்து இரும்பு நாரால் தேய்த்தபோது மூக்கின் நுனியில் முதலில் உலோகம் மினுங்கியது, பிறகு நெற்றி, பிறகு கன்னம். எடை இரண்டு கிலோவுக்கும் குறைவு. காதுக்குப் பின்னால் விரலால் தடவிப் பார்த்தேன், வழுவழுவென்று இருந்தது.