காவல் பயிற்சிக்கென்று நாயை விட்டுவிட்டு வராதீர்கள்

ரப்பர் தோட்டத்துக்குள் தனி வீடு, பக்கத்து வீட்டுக்குக் கூப்பிட்டால் கேட்காத தூரம். இப்படிப்பட்ட இடங்களில் பெரிய கிராஸ் நாய் வளர்ப்பவர்கள் நம் குமரி மாவட்டத்தில் நிறையப் பேர். ராட்வீலரும் நாட்டு நாயும் கலந்தது, ஜெர்மன் ஷெப்பர்டும் ராஜபாளையமும் கலந்தது என்று 35, 40 கிலோவுக்கு வளரும் நாய்கள். இவர்களைக் குறிவைத்துத்தான் "60 நாள் தங்கும் காவல் பயிற்சி, சாப்பாடு உட்பட 12,000 ரூபாய்" என்ற விளம்பரம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது.

தக்கலைப் பக்கம் ஒரு வீட்டார் இதில் ஏமாந்தார்கள். ராட்வீலர் கிராஸ், ஆண், இரண்டு வயது. விடும்போது 38 கிலோ. முழுப் பணமும் முதல் நாளே ரொக்கமாகக் கொடுத்தார்கள், ரசீது கிடையாது. "இடையில் பார்க்க வராதீங்க, வந்தா பயிற்சி கலைஞ்சிடும்" என்று சொன்னதை நம்பினார்கள். வாரம் ஒரு வீடியோ வந்தது. பிறகு எல்லா வீடியோவையும் வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: எல்லாவற்றிலும் அதே சட்டை, அதே வெயில், அதே சதைப்பிடிப்பான நாய். மொத்தத்தையும் முதல் இரண்டு நாளில் எடுத்து வைத்துக்கொண்டு வாரம் ஒன்றாக அனுப்பியிருக்கிறார்கள்.

திரும்பி வந்த நாய் 29 கிலோ. பெல்ட்டைக் கழற்றினால் கழுத்தைச் சுற்றி முடி உதிர்ந்து, புள்ளி புள்ளியாக ஆறாத புண். அது முள் பெல்ட்டின் அச்சு. காது மடலுக்குள்ளும் கால்விரல் இடுக்கிலும் உண்ணி கொத்தாக இருந்தது. நகங்கள் நீண்டு வளைந்திருந்தன. தினமும் தரையில் நடக்கிற நாய்க்கு நகம் ஓரளவு தானாகத் தேயும். இவ்வளவு நீண்ட நகம் என்றால் நாய் கூண்டை விட்டு அதிகம் இறங்கவில்லை என்றே சந்தேகிக்க வேண்டும். எல்லாவற்றையும் விடப் பேசியது கோரைப்பல். பல்லின் பின்பக்கம் அரம் வைத்துத் தேய்த்ததுபோல் குழி விழுந்திருந்தது. கூண்டுக் கம்பியை நாள் கணக்கில் கடித்து இழுக்கும் நாய்க்குத்தான் அந்த இடத்தில் அப்படித் தேயும்.

வந்த நான்காம் நாள் தேங்காய் வெட்ட வந்தவர் கயிற்றைத் தோளில் போடக் கையை உயர்த்தினார். முன்பெல்லாம் அவரைப் பார்த்தால் வாலாட்டுகிற நாய், முன்கையைக் கவ்விவிட்டது.

ஏன் இப்படி ஆகிறது என்று தெரிந்துகொள்வது முக்கியம். இந்த இடங்களில் "காவல் பயிற்சி" என்று செய்வது பெரும்பாலும் ஒன்றுதான். நாயைக் கட்டிப்போட்டு, கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு ஒருவர் குச்சியை ஓங்கிச் சீண்டுவார். பயந்த நாய் வேறு வழியில்லாமல் சாக்கைக் கடிக்கும். உடனே அவர் பின்வாங்குவார். கடித்தால் பயம் விலகும் என்பதுதான் நாய் கற்றுக்கொள்ளும் ஒரே பாடம். "விடு" என்றால் விட வேண்டும் என்பதைக் கற்றுக்கொடுப்பதில்லை, அதற்குத்தான் மாதக்கணக்கில் உழைப்பு தேவை. இப்படிப் பழகிய நாய்க்குத் திருடன் யார், விருந்தாளி யார் என்று தெரியாது. உயர்ந்த கை தெரியும், அவ்வளவுதான். நம் ஊரில் விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு கையில் கத்தியோடு ரப்பர் மரத்தில் பால்வெட்ட வருபவர் இருக்கிறார், கூடையைத் தலையிலிருந்து இறக்கும் மீன்காரம்மா இருக்கிறார். அந்த நாயின் கண்ணுக்கு எல்லாரும் குச்சிக்காரரே.

கடித்தால் பொறுப்பு உங்களுடையது. பாரதிய நியாய சன்ஹிதா 291-ம் பிரிவின்படி, வளர்ப்புப் பிராணியை அலட்சியமாக வைத்திருந்தால் 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பயிற்சி கொடுத்தவர்தான் கெடுத்தார் என்று அங்கே சொல்லித் தப்பிக்க முடியாது.

விளம்பரத்தின் கணக்கையும் போட்டுப் பாருங்கள். 38 கிலோ நாய்க்குத் தினம் சுமார் அரைக் கிலோ உலர் தீவனம் வேண்டும். 60 நாளைக்கு 30 கிலோ. கிலோ 250 ரூபாய் என்று வைத்தாலும் 7,500. மீதி 4,500, அதாவது நாளுக்கு 75 ரூபாய். அந்த 75 ரூபாயில் கூண்டு கழுவி, நடத்தி, பழக்கி, லாபமும் பார்க்க யாராலும் முடியாது. ஆகவே தீவனத்தில்தான் கை வைப்பார்கள்.

நல்ல பயிற்சியாளர்கள் இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நல்லவர் நாயை மட்டும் கேட்க மாட்டார், உங்களையும் கூட வரச் சொல்வார். நாய் ஓரிடத்தில், ஒருவரிடம் கற்ற கட்டளையை வேறொரு இடத்தில், வேறொருவருக்குத் தானாகச் செய்யாது. உங்கள் முற்றத்தில், உங்கள் குரலுக்குப் பழக வேண்டும். காலை பத்து நிமிடம், மாலை பத்து நிமிடம் போதும். "வா", "இரு", "விடு", விருந்தாளி வந்தால் தன் இடத்தில் போய்ப் படுப்பது, இந்த நான்கும் வந்துவிட்டால் வீட்டுக் காவலுக்கு அதுவே தாராளம். 38 கிலோ நாய் கேட்டுக்குள் நின்று குரைப்பதே பெரும்பாலான திருடனைத் திருப்பி அனுப்பிவிடும். கடிக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டிய தேவையே இல்லை.

வேறு வழியில்லை, விட்டே ஆக வேண்டும் என்றால்: விடுகிற அன்று கால்நடை மருத்துவரிடம் எடை போட்டு எழுதி வாங்குங்கள். கழுத்து, பல், நகம், வயிறு எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுங்கள். சொல்லாமல் போய்ப் பார்க்கும் உரிமை, முள் பெல்ட்டும் ஷாக் பெல்ட்டும் கூடாது என்ற நிபந்தனை, தினத் தீவன அளவு, இவற்றை எழுத்தில் வாங்குங்கள். பணத்தை வங்கி வழியாக, தவணையாகக் கொடுங்கள். தடுப்பூசிப் புத்தகத்தைக் கேட்காமலே நாயை உள்ளே விடுகிற இடமாக இருந்தால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள், ஏனென்றால் மற்ற நாய்களையும் அப்படித்தான் சேர்த்திருப்பார்கள். பெண் நாய் என்றால் இன்னும் கவனம்: சொல்லாமல் இணை சேர்த்து அனுப்புகிறார்கள். சினைக்காலம் சுமார் 63 நாள். 25 நாளுக்கு மேல் ஸ்கேனில் தெரிந்துவிடும். இணை சேர்வதால் தொற்றும் பாலுறுப்புக் கட்டியும் உண்டு. ஆணோ பெண்ணோ, சில மாதம் கழித்துப் பாலுறுப்பிலிருந்து ரத்தம் சொட்டினால் மருத்துவரிடம் போகத் தாமதிக்காதீர்கள்.

ஏற்கெனவே ஏமாந்துவிட்டீர்களா? நாயைத் திரும்பக் கூட்டிவரும்போது, அந்த இடத்தின் கேட்டை விட்டு வருமுன்பே அதன் நிலையை வீடியோ எடுங்கள். வீட்டுக்கு வந்தபின் எடுத்தால் "உங்க வீட்டில் ஆனது" என்பார்கள். 24 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் காட்டி, ரத்தப் பரிசோதனையில் தட்டணு (ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்) எண்ணிக்கையும் உண்ணிக் காய்ச்சலும் பார்க்கச் சொல்லுங்கள். மூக்கில் ரத்தம் வந்தாலும், வெளிறிய ஈறும் காப்பி நிறச் சிறுநீரும் இருந்தாலும் அன்றே போக வேண்டும். உண்ணி கடித்துப் பரவும் எர்லிக்கியா கிருமி என்றால் மாத்திரை வழக்கமாக 28 நாள். தெளிந்துவிட்டது என்று பத்தாம் நாளே நிறுத்தினால் திரும்ப வரும்.

1960-ம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுக்கலாம், ஆனால் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். பணம் திரும்ப வேண்டுமென்றால் நுகர்வோர் ஆணையமே வழி. பயிற்சி இடம் களியக்காவிளை தாண்டிக் கேரளத்தில் இருந்தாலும் கவலை வேண்டாம். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி புகார் கொடுப்பவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம், அதாவது நாகர்கோவிலில். 2 ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். 5 லட்சம் வரையான சேவைக்குக் கட்டணம் இல்லை. வக்கீலும் கட்டாயமில்லை. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் பதிவு செய்தாலும் சரி.

வீட்டில் நாய்க்கு இரண்டு வாரமாவது அமைதி வேண்டும். எலும்பு தெரிய மெலிந்த நாய்க்கு முதல் நாளே வயிறு நிறையப் போடாதீர்கள். வழக்கமான அளவில் கால் பங்கை நான்காகப் பிரித்துத் தொடங்கி, ஒரு வாரத்தில் மெல்ல ஏற்றுங்கள். தட்டுப் பக்கம் கை நீட்ட வேண்டாம். வேலைக்கு வருபவர்கள் வரும் நேரத்தில் நாய் உள்ளே, கதவு சாத்தி இருக்கட்டும். முன்னால் நின்று குனிந்து தலையைத் தடவ வேண்டாம். பக்கவாட்டில் உட்காருங்கள், கை கீழேயே இருக்கட்டும். அது தானாக வந்து மோந்து பார்க்கும்வரை காத்திருங்கள்.