10 சிட்டிங் கவுன்சலிங் பேக்கேஜுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

போன வருஷம் சித்திரை. திருச்சி வெயில் எப்படி இருக்கும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். ஆபீஸ் விட்டு வந்தால் அம்மா ஹாலில் ஃபேனை நிறுத்திவிட்டு, முந்தானையைத் தோள் சுற்றிப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கேட்டால் "குளுருதுடி" என்பாள். அப்பா தவறி அப்போது ஏழெட்டு மாதம். எல்லாவற்றையும் அந்தக் கணக்கிலேயே எழுதினேன். பகலெல்லாம் படுக்கை, முடி கொத்துக் கொத்தாக உதிர்வது, விரல் வீங்கி மோதிரம் கழற்ற வராதது, குரல் கம்மிப்போனது எல்லாமே எனக்குத் துக்கம்தான்.

கூட வேலை பார்ப்பவர் சொல்லி ஒரு கவுன்சலிங் சென்டருக்குக் கூட்டிப் போனேன். ஏசி, மணி பிளான்ட், சுவரில் சிரிக்கிற குழந்தை படம். வரவேற்பில் ஒரு ஃபார்ம் கொடுத்தார்கள். பெயர், வயது, போன் நம்பர், பணம் கட்டும் முறை, "எங்களைப் பற்றி எப்படித் தெரிந்துகொண்டீர்கள்: இன்ஸ்டாகிராம் / கூகுள் / நண்பர்". அவ்வளவுதான். என்ன மாத்திரை சாப்பிடுகிறார், என்ன வியாதி இருக்கிறது, வீட்டில் யாருக்காவது மனநலப் பிரச்சினை இருந்ததா என்று ஒரு வரிகூட இல்லை. அன்றைக்கே எனக்கு உறுத்தியிருக்க வேண்டும். ஏசியில் உறைக்கவில்லை.

உள்ளே போனதும் கவுன்சலர் சார் என்னைப் பார்த்து, "சொல்லுங்க மேடம், என்ன பிரச்சினை?" என்றார். அம்மாவைப் பார்த்து அல்ல. நான், "அப்பா போனதிலிருந்து இப்படித்தான் சார் இருக்காங்க" என்றேன். பத்து நிமிஷத்தில் தீர்ப்பு வந்துவிட்டது: துக்கத்தை அம்மா உள்ளேயே அடைத்து வைத்திருக்கிறார், அதை வெளியே எடுக்க வேண்டும், 10 சிட்டிங், பேக்கேஜாக எடுத்தால் 15,000 ரூபாய், தனித்தனியாக என்றால் ஒவ்வொன்றும் 2,000. ஜிபே பண்ணிவிட்டு வெளியே வந்தேன். என் வாயிலிருந்து வந்ததையே எனக்கு 15,000-க்கு விற்றிருக்கிறார் என்பது புரிய நாலு மாதம் ஆனது.

ஏழு சிட்டிங் போனோம். அப்பாவுக்குக் கடிதம் எழுதச் சொன்னார். காலையில் கண்ணாடி பார்த்து சிரிக்கச் சொன்னார். தினமும் மூன்று நல்ல விஷயம் எழுத ஒரு நோட்டு. அம்மா ஒரு வரி எழுத கால் மணி நேரம் எடுத்துக்கொள்வாள், எழுத்து கோணிக்கொண்டு போகும். "ஒத்துழைப்பு பத்தலை" என்று அதற்கும் அவர் அம்மாவைத்தான் சொன்னார். நாலாவது சிட்டிங் முடிந்த ராத்திரி எனக்கு வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட் வந்தது, "அம்மாவுக்கு உங்க அண்ணி மேல வருத்தம் இருக்கு மேடம், கொஞ்சம் பாத்துக்குங்க" என்று. அம்மா உள்ளே தனியாகச் சொன்னது அது. யாரிடம் எது போகும், எது போகாது என்று முதல் நாளே பேசியிருக்க வேண்டாமா? ஸ்பீக்கரில் போட்டதால் அம்மாவும் கேட்டுவிட்டாள். அதற்குப் பிறகு அந்த அறையில் அவள் வாயே திறக்கவில்லை.

எட்டாவதுக்கு வர மாட்டேன் என்றுவிட்டாள். சித்தி ஒருத்தி புத்தூர் பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவில் காட்டச் சொன்னாள். எனக்கு மனசே இல்லை, கூட்டத்தில் யார் நின்று பார்ப்பார்கள் என்று. டோக்கன் போட்டு, மரபெஞ்சில் இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். கூப்பிட்டது மேற்படிப்பு படிக்கிற ஒரு டாக்டர் பொண்ணு, என் தங்கை வயசு இருக்கும். நான் வழக்கம்போல் "அப்பா போனதிலிருந்து..." என்று ஆரம்பித்தேன். "சரிக்கா. அதுக்கு முன்னாடி எப்படி இருந்தாங்க?" என்றார்.

ஒருத்தரும் கேட்காத கேள்வி. யோசித்துப் பார்த்தால் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோதே அம்மா சோர்ந்துதான் இருந்தாள். அலைச்சல் என்று விட்டுவிட்டோம்.

அப்புறம் முக்கால் மணி நேரம் கேள்விதான். எத்தனை மணிக்குத் தூக்கம், நடுவில் முழிப்பு வருமா, பசி, மலச்சிக்கல், மாதவிடாய் நின்ற வருஷம், முன்னால் எப்போதாவது இப்படி இருந்திருக்கிறதா, தூக்கமே இல்லாமல் ரொம்ப உற்சாகமாக இருந்த நாள் உண்டா, காதில் யாராவது பேசுகிற மாதிரி கேட்குமா, அம்மா வழியில் யாருக்கு என்ன வியாதி. இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார். "நூத்துலேருந்து ஏழு ஏழா கழிச்சுக்கிட்டே வாங்கம்மா" என்றார். இருபது வருஷம் மளிகைக் கடை கல்லாவில் உட்கார்ந்து மனக்கணக்கிலேயே பில் போட்டவள் என் அம்மா. 93 என்றாள். 86 என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதன் பிறகு என்னை வெளியே அனுப்பிவிட்டார். உள்ளே அவர் கேட்டதை அம்மாவே பிறகு சொன்னாள்: "வாழவே வேணாம்னு தோணுதாம்மா?" அம்மா ஆமாம் என்றிருக்கிறாள். என்ன நினைப்பு, எத்தனை நாளாக, ஏதாவது செய்துகொள்ளத் திட்டம் உண்டா என்று ஒவ்வொன்றாக விசாரித்துவிட்டு, அம்மாவின் சம்மதம் கேட்டு என்னிடம் சொன்னார். வீட்டில் எதை எங்கே வைக்கக் கூடாது, யார் கூட இருக்க வேண்டும் என்பது வரை. இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிட்ட மாதிரி ஆகாதா என்று பயந்து கேட்டேன். ஆகாது, கேட்டால்தான் சொல்வார்கள் என்றார். ஏழு சிட்டிங்கில் ஒருமுறைகூட இந்தக் கேள்வி வரவில்லை. எனக்கு ஆத்திரம் எல்லாம் இதில்தான். பணம் அப்புறம்.

நாடி பார்த்தார், தண்ணீர் விழுங்கச் சொல்லி கழுத்தைப் பார்த்தார், கணுக்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார். ரத்தப் பரிசோதனை எழுதினார். டிஎஸ்ஹெச் 68. தைராய்டைச் சுரக்கச் சொல்லி மூளையடிச் சுரப்பி அனுப்புகிற ஹார்மோன் அது, தைராய்டு குறையக் குறைய இது ஏறும். ஏறக்குறைய 4-க்குள் இருக்க வேண்டியது. தைராய்டு சுரப்பு அடியோடு குறைந்திருந்தது. குளிர், வீக்கம், முடி, குரல், மந்தம், கணக்கு நின்றுபோனது எல்லாவற்றுக்கும் அந்த ஒரு தாளில் பாதிப் பதில் இருந்தது. பாதிதான். "துக்கமும் இருக்கு, தைராய்டும் இருக்கு, ரெண்டையும் பாக்கணும்" என்றார் டாக்டர்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இப்போது சில சென்டர்களில் பிஹெச்க்யூ-9 என்று மனச்சோர்வை அளக்கிற ஒரு கேள்வித்தாளை நீட்டி டிக் அடிக்கச் சொல்கிறார்கள். ஒன்பது கேள்வி, கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. ஒன்பதாவது கேள்வி சாவு எண்ணத்தைப் பற்றியது. தாளே இல்லாததற்கு இது மேல். ஆனால் சோர்வு, தூக்கம், பசி, கவனம், மந்தம் என்று அதில் கேட்பதில் பாதிக்கு மேல் தைராய்டு குறைந்தவருக்கும் இருக்கும். ஆகவே மார்க் மட்டும் கூட்டிப் பார்த்துவிட்டு "டிப்ரஷன்" என்று சீட்டு எழுதினால் அதுவும் அரைகுறைதான். அது சல்லடை. சலித்த பிறகு ஆள் உட்கார்ந்து விசாரிக்க வேண்டும், தேவைப்பட்டால் டாக்டரிடம் அனுப்ப வேண்டும்.

இனி யாராவது போவதாக இருந்தால், பணம் கட்டும் முன் போன் போட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "முதல் சிட்டிங்ல என்ன செய்வீங்க?" பழைய வியாதி, மாத்திரை, குடும்பம் எல்லாம் விசாரிப்போம், அதற்கப்புறம்தான் எத்தனை சிட்டிங் என்று சொல்ல முடியும் என்று பதில் வந்தால் போங்கள். "பாசிட்டிவா பேசுவோம் மேடம்" என்றால் வைத்துவிடுங்கள். உங்களால் முடியாத கேஸை எந்த சைக்கியாட்ரிஸ்டிடம் அனுப்புவீர்கள் என்றும் கேட்கலாம். நான் போன சென்டரில் பிறகு கேட்டேன், பதிலே இல்லை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு போட்டிருந்தால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் (ஆர்சிஐ) பதிவு எண் இருக்க வேண்டும், கேட்டு வாங்கிச் சரிபாருங்கள். வெறும் "கவுன்சலர்" என்ற போர்டை மூன்று மாத டிப்ளமோ முடித்தவர்கூட மாட்டிக்கொள்கிறார்.

கவுன்சலிங்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. தைராய்டு மாத்திரை ஆரம்பித்து ஆறு வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்த்து, டிஎஸ்ஹெச் அளவு இறங்க ஆரம்பித்ததும் அதே ஆஸ்பத்திரியில் சைக்காலஜிஸ்டிடம் அனுப்பினார்கள். அம்மா இப்போது அங்கே பேசுகிறாள், அப்பாவைப் பற்றித்தான். என்ன பேசினாள் என்று எனக்கு யாரும் வாய்ஸ் நோட் அனுப்புவதில்லை. அம்மாவுக்கு இருக்கிற ஒரே குறை, மாத்திரை போட்டு அரை மணி நேரம் காபி குடிக்கக் கூடாது என்பது. "அந்த டாக்டர் பொண்ணு நல்ல பொண்ணுதான், இதை மட்டும் சொல்லாம இருந்திருக்கலாம்" என்கிறாள்.

எங்கே போவது என்றே தெரியாதவர்கள், ராத்திரியில் மனசு தாங்காதவர்கள் 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்கிற மனநல உதவி எண், அரசு நடத்துவது, 24 மணி நேரமும் உண்டு, காசு கிடையாது, தமிழில் பேசலாம்.

மீதி மூன்று சிட்டிங் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ரிஃபண்ட் கிடையாதாம். "வேணும்னா நீங்க வந்து யூஸ் பண்ணிக்கோங்க மேடம், உங்களுக்கும் ஸ்ட்ரெஸ் இருக்கும்போல" என்று பதில் வந்தது. நுகர்வோர் நீதிமன்றத்தில் புகார் கொடுப்பதற்காக ரசீதும் அந்த ஃபார்மின் போட்டோவும் எடுத்து வைத்திருக்கிறேன். நேற்று அவர்களிடமிருந்து இன்னொரு வாட்ஸ்அப்: ஆடி ஆஃபராம், 10 சிட்டிங் எடுத்தால் 2 இலவசம்.