லாரி வராத நாளில் எந்தத் தண்ணீர்? நுனாவுட் வீடுகளின் மாற்று வழிகள்

கனடாவின் நுனாவுட் பிரதேசத்தில் 25 ஊர்கள். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குச் சாலை கிடையாது. அடிமண் ஆண்டு முழுக்க உறைந்து கிடப்பதால் குழாய் பதிக்கப் பெரும் செலவாகும். அதனால் பெரும்பாலான வீடுகளுக்குத் தண்ணீர் லாரியில்தான் வருகிறது. வெளிச்சுவரில் உள்ள திறப்பில் ஹோஸை மாட்டி, வீட்டுக்குள் இருக்கும் தொட்டியை நிரப்பிவிட்டுப் போவார்கள். இன்னொரு லாரி வந்து கழிவுநீரை உறிஞ்சிக்கொண்டு போகும். பனிப்புயல் அடித்தால் இரண்டும் நின்றுவிடும். லாரி பழுதானால் உதிரிபாகம் விமானத்தில் வரவேண்டும். ஓட்டுநர் ஒருவர் படுத்துவிட்டால்கூட அன்றைய வரிசை தள்ளிப்போகும்.

இந்த இடைவெளியைச் சமாளிக்க அங்குள்ளவர்களிடம் பல வழிகள் உண்டு. எல்லாம் தண்ணீர்தான் என்று அவற்றை ஒரே தட்டில் வைக்க முடியாது. குடிக்கும் தண்ணீருக்கு ஏற்ற வழி வேறு, குளிக்கவும் துவைக்கவும் ஏற்ற வழி வேறு.

முதலில் எல்லோருக்கும் தோன்றுவது பெரிய தொட்டி. வீட்டுத் தொட்டி ஆயிரம் லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் எட்டுப் பேர். நெரிசலான வீடுகள் அங்கே சகஜம். மூன்று நாளைக்கு ஒருமுறை லாரி வந்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு சுமார் 40 லிட்டர். புயலில் லாரி வர இன்னும் மூன்று நாள் ஆனால் அது 20 லிட்டராகச் சுருங்கும். தொட்டியை இரட்டிப்பாக்கினால் தீர்ந்துவிடும் போலத் தெரிகிறது. ஆனால் கழிவுநீர்த் தொட்டியை மறந்துவிடக் கூடாது. அது நிரம்பினால் தரையில் பொங்காமலிருக்க, மிதவை சுவிட்ச் வீட்டின் தண்ணீர் பம்பையே நிறுத்திவிடும். தொட்டி நிறைய நல்ல தண்ணீர் இருந்தும் குழாயில் சொட்டு வராது. ஆகவே நல்ல தண்ணீர்த் தொட்டியை மட்டும் பெரிதாக்குவது பாதிப் பணத்தை வீணாக்கும் வேலை. இரண்டும் சேர்ந்து வளர வேண்டும். அப்புறம், கூடுதலாக வரும் ஒவ்வோர் ஆயிரம் லிட்டரும் ஒரு டன் எடை. உறைமண்ணில் ஊன்றிய கால்கள் மேல் நிற்கும் வீட்டுக்கு அதைத் தாங்கும் பலம் உண்டா என்று பார்க்க வேண்டும். தொட்டியைக் குளிரில் வெளியே வைக்க முடியாது, எனவே உள்ளே இடமும் வேண்டும். தண்ணீர் நாள்கணக்கில் தேங்கினால் குளோரின் வீரியமும் குறையும். அடிக்கடி கழுவாத பெரிய தொட்டியைவிடக் கழுவி வைத்த சிறிய தொட்டியே மேல்.

20 லிட்டர் கேன்கள் இதைவிட எளிய வழி. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 4 லிட்டர் என்றால், எட்டுப் பேருக்கு நான்கு நாளைக்கு 128 லிட்டர். ஏழு கேன் போதும். பம்பு நின்றாலும் கேன் ஊற்றும். முதலில் செலவழிக்க வேண்டியது இதில்தான் என்பேன். இடநெருக்கடி உண்மைதான், ஆனால் கட்டிலுக்கடியில்கூட அடுக்கலாம்.

அடுத்தது ஐஸ். அங்குள்ள பூர்வகுடிகளான இனுயிட் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருவது இது. ஏரி ஐஸைப் பாளமாக அறுத்து, கமுத்திக் எனப்படும் சறுக்குவண்டியில் இழுத்து வந்து வீட்டுக்கு வெளியே அடுக்கிவிடுவார்கள். வெளிக்குளிர்தான் கிடங்கு. பாண்ட் இன்லெட் போன்ற ஊர்களில், கடல் உறையும்போது சிக்கிக்கொண்ட பனிப்பாறைகளிலிருந்து துண்டுகளை வெட்டி எடுப்பார்கள். குளோரின் வாசம் அடிக்கும் குழாய்த் தண்ணீரைவிட இதில் போட்ட தேநீரை விரும்பும் மூத்தவர்கள் பலர். எனக்கு இது நியாயமான விருப்பமாகவே படுகிறது.

புதுக் கடல் ஐஸ் உப்புக் கரிக்கும்; பல ஆண்டு பழைய ஐஸில்தான் உப்பு வடிந்திருக்கும். உருக்கவும் எரிபொருள் வேண்டும். மைனஸ் 30 டிகிரியில் உள்ள ஒரு கிலோ ஐஸை வெறும் தண்ணீராக்கவே, அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவுக்குக் கிட்டத்தட்ட வெப்பம் செலவாகும். பாத்திரத்தில் போட்டு வீட்டுச் சூட்டிலேயே மெல்ல உருகவிட்டால் அடுப்பு மிச்சம். உறைந்ததால் கிருமி செத்துவிட்டது என்று நம்பிவிடாமல், ஒரு நிமிடமாவது நன்றாகக் கொதிக்க வைக்க வேண்டும். பனித்தூளோடு ஒப்பிட்டால் ஐஸ் எவ்வளவோ மேல். புதிதாக விழுந்த பனி பத்து லிட்டரை உருக்கினால் தண்ணீர் ஒரு லிட்டர்தான் தேறும். கையில் வேறொன்றும் இல்லாதபோதுதான் பனி. அப்போதும் பாத்திரத்தின் அடியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிய பிறகு போட வேண்டும், இல்லையென்றால் அடி கருகும்.

ஐஸுக்கு ஸ்னோமொபைல் எனும் பனிவண்டி, பெட்ரோல், உடம்பில் தெம்பு, ஓய்வு நேரம் எல்லாம் வேண்டும். கைக்குழந்தையோடு தனியாக இருக்கும் தாய்க்கு யாராவது கொண்டுவந்து கொடுத்தால்தான் உண்டு.

பாட்டில் தண்ணீர் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கப்பல் கோடையில் சில மாதங்கள்தான் வரும், மற்ற நாளில் விமானச் சரக்குதான். அவசரத்துக்கு மட்டும் சரி.

தண்ணீரைக் குறைத்துச் செலவழிப்பதும் ஒரு வழிதானே என்று கேட்கலாம். ஓரிரு நாளைக்குச் சரி. அதுவே வாழ்க்கைமுறை ஆகும்போதுதான் ஆபத்து. அலாஸ்காவில் குழாய் இல்லாத நான்கு கிராமங்களுக்குக் குழாய் வந்தபோது, ஒரு நாளைக்கு ஆளுக்குச் சுமார் 6 லிட்டராக இருந்த பயன்பாடு 97 லிட்டராக உயர்ந்தது. மூச்சுக்குழல் நோய், தோல் நோய், வயிற்றுநோய் மூன்றும் குறைந்தன. கைகழுவும் தண்ணீரை மிச்சம் பிடித்தால் அந்தக் கணக்கைக் குழந்தைகளின் நுரையீரல் தீர்க்க வேண்டிவரும்.

அப்படியானால் எல்லா ஊருக்கும் குழாய் போட்டுவிடலாமா? இக்காலுவிட், ரேங்கின் இன்லெட் போன்ற ஊர்களில் குழாய் இருக்கிறது. தண்ணீர் உறையாமலிருக்க ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்கும், வெப்பக்காப்பு போர்த்திய குழாய் அது. தினசரி வசதியில் லாரியால் இதனோடு போட்டியிட முடியாது. ஆனால் 2021 அக்டோபரில் இக்காலுவிட்டின் தண்ணீரில் எரிபொருள் கலந்தபோது, குழாய் வீடு, லாரி வீடு என்ற வித்தியாசமே இல்லாமல் போயிற்று. காய்ச்சினாலும் எரிபொருள் போகாது. சுமார் இரண்டு மாதம் குழாய்த் தண்ணீரைக் குடிக்க முடியவில்லை; மக்கள் சில்வியா கிரின்னல் ஆற்றுத் தண்ணீரைக் கேன்களில் பிடித்துக் காய்ச்சிக் குடித்தார்கள். பக்கத்துக் கியூபெக் மாகாணத்தின் வடபகுதியான நுனாவிக்கில், பூவிர்னிடுக் என்ற ஊரில் 2025 வசந்தத்தில் நடந்தது வேறு மாதிரி. ஆற்றுநீரைக் கொண்டுவரும் குழாய் உறைந்து, லாரியில் நிரப்பவே தண்ணீர் போதாமல் ஊரே தவித்தது.

ஒரு வீட்டுக்காரருக்கு என் பரிந்துரை இது: முதலில் கேன்கள், முடிந்தவர்களுக்கு ஐஸ் அடுக்கு, பிறகு இரண்டு தொட்டிகளையும் சேர்த்துப் பெரிதாக்குவது. ஊராட்சிக்குப் பணம் கிடைத்தால், குழாய்த் திட்டத்துக்காகப் பல ஆண்டு காத்திருக்கும் வேளையிலேயே வாங்க வேண்டியவை உபரி லாரி, அது உறையாமல் நிற்கச் சூடான கராஜ், முன்கூட்டியே கப்பலில் வரவழைத்த உதிரிபாகங்கள். கூடவே, ஊரிலேயே பயிற்சி பெற்ற மெக்கானிக் ஒருவருக்கு நிலையான சம்பளம்.